மூன்றாவது கனிமம் இருக்கிறதா?

பொருத்தத்தில் ஒரு கூறைக் கூடுதலாகச் சேர்த்தால் கணக்கிட்ட கோடு தரவோடு இன்னும் நெருங்கி உட்காரும். அந்தக் கூறு மாதிரியில் உண்மையிலேயே இருந்தாலும் உட்காரும், இல்லாவிட்டாலும் உட்காரும். எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையை அலசும் மாணவர்கள் ஆய்வேட்டில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "இரண்டு கனிமங்களோடு பொருத்தினோம், மிச்சம் இவ்வளவு, மூன்றோடு பொருத்தினோம், மிச்சம் குறைந்தது, ஆகவே மூன்றாவதும் இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த "ஆகவே"வைப் போட நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பதுதான் புள்ளியியல் முக்கியத்துவச் சோதனை. ஓர் ஊரின் மண்ணை எடுத்துக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்போம்.

ஊர் நார்த்தாமலை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையை ஒட்டி, மொட்டைப் பாறைக் குன்றுகள் கூட்டமாக நிற்கும் இடம். மேலமலையின் சரிவில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. சாத்தன் பூதி எடுப்பித்த அந்தக் கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மழை கட்டடத்தை இடித்த கதையைக் கல்வெட்டு சொல்லிவிட்டது. அதே மழை பாறையைக் கரைத்து மண்ணாக்கும் கதையை மண்ணிலிருந்துதான் படிக்கவேண்டும்.

குன்றின் அடிவார மண் சிவப்பு. சிவப்பு என்றால் ஹெமடைட், மஞ்சள் சாயல் தட்டினால் கோத்தைட். இரண்டும் இரும்பின் மூன்றாம் நிலை ஆக்சைடு வகைகள். பாறையிலோ இரும்பு பெரும்பாலும் இரண்டாம் நிலையில், கருப்புக் காக்காப்பொன்னான பயோடைட் போன்ற கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கும். பாறை முழுக்கச் சிதைந்து ஆக்சைடாகிவிட்டதா, சிதையாத பயோடைட் மண்ணில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? ஹெமடைட்டும் கோத்தைட்டும் இருப்பதை முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறோம். சோதனைக்கு வருவது மூன்றாவது ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் வரும் பொருத்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. நார்த்தாமலை மண்ணை அளந்து கிடைத்த முடிவுகள் என்று யாரும் எடுத்தாள வேண்டாம். கனிமங்களின் பிணைப்பு நீளம், இரும்பின் விளிம்பு ஆற்றல் போன்றவை உண்மையான எண்கள்.

சுவரைத் தொடாதீர்கள்

கணக்குக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. சோழீச்சரத்தின் உட்சுவரில் மங்கிய ஓவியங்கள் உண்டு. பக்கத்திலேயே சித்தன்னவாசல். சிவப்பும் மஞ்சளும் காவிக்கல் நிறமிகள் என்பதால், இரும்பை அளக்கும் கருவி கைக்கு வந்ததும் அந்தச் சுவர்மேல்தான் ஆசை போகும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களிலேயே தமிழகக் கோயில் ஓவியங்களின் நிறமிகளையும் பூச்சையும் ஆராய்ந்திருக்கிறார். அந்த வழியில் நீங்களும் போகலாம், ஆனால் தொல்லியல் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மட்டும். கீழே உதிர்ந்து கிடக்கும் பூச்சுத் துண்டும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் பகுதிதான். ஒரு தடவை சுரண்டியது திரும்பி வராது. கற்றுக்கொள்ளும் காலத்துக்கு மண்ணே போதும். அதையும் நினைவுச்சின்னத்தின் எல்லைக்கு வெளியே, நிலத்துக்காரரிடம் கேட்டு எடுங்கள்.

மண்ணைச் சலிக்கும்போதே விடை பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஹெமடைட்டும் கோத்தைட்டும் களித்துகளோடு ஒட்டி மிக நுண்ணியதாக இருக்கும். பயோடைட் செதில் செதிலாக மணலோடு நிற்கும். நுண்சல்லடையில் சலித்து, கீழே விழுந்த மாவை மட்டும் அளந்தால் பயோடைட்டைச் சல்லடையிலேயே விட்டுவிட்டீர்கள். பிறகு எந்தச் சோதனை போட்டாலும் அது கிடைக்காது. ஆகவே மண் முழுவதையும் அகேட் உரலில் மாவாக அரைத்து, அதிலிருந்து எடுங்கள். செதில்கள் ஒட்டுநாடாமேல் தட்டையாகப் படுத்துக்கொண்டால் இன்னொரு தொல்லை: அளவீட்டுக்குப் பயன்படும் சின்க்ரோட்ரான் ஒளி ஒரே தளத்தில் முனைவுற்றது, செதில் படுத்த திசைக்கு ஏற்ப நிறமாலையின் உருவமே மாறும். செல்லுலோஸ் அல்லது போரான் நைட்ரைடு தூளோடு நன்றாகக் கலந்து வில்லையாக அழுத்துவது நல்லது.

புள்ளிகளை எண்ணுதல்

இந்தியாவில் இந்த அளவீட்டுக்கான இடம் இந்தூரில் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்திலுள்ள இந்தஸ்-2. 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரான் வளையம். அதன் 8-ஆம், 9-ஆம் எண் பீம்லைன்கள் உட்கவர் நிறமாலைக்கானவை. இரும்பின் கே-விளிம்பு 7112 எலக்ட்ரான் வோல்ட். இரும்புத் தகட்டை வைத்து ஆற்றல் அச்சைச் சரிபார்த்து, மண்ணையும், ஹெமடைட், கோத்தைட், பயோடைட் ஆகிய மூன்று தூய கனிம ஸ்டாண்டர்டுகளையும் ஒரே பீம் டைமில் ஸ்கேன் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மண்ணின் நிறமாலையை ஸ்டாண்டர்டு நிறமாலைகளின் கலவையாகப் பொருத்தும் எல்லை 7102-லிருந்து 7162 வரை, ஆக 60 எலக்ட்ரான் வோல்ட். கால் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு புள்ளி எடுத்ததால் கோப்பில் சுமார் 240 வரிகள் இருக்கும். இந்த 240 என்ற எண்தான் ஆபத்தானது. அடுத்தடுத்த புள்ளிகள் தனித்தனிச் செய்திகளைச் சொல்வதில்லை. இரும்பின் உள்கூட்டுத் துளை ஆயுள் குறைவானது என்பதால், இயற்கையே நிறமாலையை ஏறத்தாழ 1.2 எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குத் தேய்த்துவிடுகிறது. ஒருநிறமாக்கியின் அகலம் இன்னொரு 1 எலக்ட்ரான் வோல்ட் அளவில் சேரும். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 1.5-க்குச் சற்று மேல். அதைவிட நெருக்கமாகப் புள்ளி வைத்தால் கோடு வழுவழுப்பாகும், தகவல் கூடாது. 60-ஐ 1.5-ஆல் வகுத்தால் 40. நம்மிடம் இருப்பது 40 தனிப்புள்ளிகள்தான். அதுவும் தாராளக் கணக்கு, ஏனென்றால் விளிம்புக்கு முந்தைய தட்டைப் பகுதியில் சொல்லும்படி எதுவுமில்லை.

ஹெமடைட், கோத்தைட் இரண்டோடும் பொருத்தியதில், மிச்சத்தை அளக்கும் ஆர்-காரணி 0.00120. பயோடைட்டைச் சேர்த்தபின் 0.00113. பின்னங்களின் கூட்டுத்தொகை 1 என்று பூட்டவில்லை, ஆற்றலை நகரவும் விடவில்லை. ஆகவே முதல் பொருத்தத்தில் 2 மாறிகள், இரண்டாவதில் 3.

சூத்திரம் எளிது. பழைய ஆர்-காரணியைப் புதியதால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். தனிப்புள்ளிகளிலிருந்து புதிய பொருத்தத்தின் மாறிகளைக் கழித்து வரும் மீதியால் அதைப் பெருக்குங்கள். கூடுதலாகச் சேர்த்த மாறிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வருவது எஃப்.

0.00120-ஐ 0.00113-ஆல் வகுத்தால் 1.062. ஒன்று போக 0.062. மீதி 40 − 3 = 37. எஃப் 2.29. ஒரு மாறி, மீதி 37 என்ற நிலைக்கு 5 விழுக்காட்டு எல்லை 4.11. தாண்டவில்லை. எக்செல்லில் எஃப்.டிஸ்ட்.ஆர்டி என்ற சார்பில் போட்டால் பி மதிப்பு 0.14 அளவில் வரும். பயோடைட் அறவே இல்லாவிட்டாலும் குறைந்தது இந்த அளவு முன்னேற்றம் நூற்றில் 14 தடவை தற்செயலாகக் கிடைக்கும் என்று அதற்குப் பொருள். பின்னம் சுழிக்குக் கீழே போகக்கூடாது என்று மென்பொருளில் பூட்டியிருந்தால் பி பாதியாகும், அப்போதும் 0.07, எல்லைக்கு வெளியேதான்.

இப்போது 40-க்குப் பதில் கோப்பிலிருக்கும் 240-ஐப் போடுங்கள். மீதி 237, எஃப் 14.7, பி பத்தாயிரத்தில் 2. தரவு அதேதான், பொருத்தமும் அதேதான். "ஆதாரமில்லை" என்ற தீர்ப்பு "ஐயமே இல்லை" என்று புரண்டுவிட்டது. ஸ்கேனில் படியை இன்னும் பாதியாக்கியிருந்தால் மேலும் உறுதி கூடியதுபோல் தெரியும். அளவீட்டில் ஒரு துளி தகவலும் கூடாமலே முடிவு மட்டும் வலுவாகிறது என்றால், பிழை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. மென்பொருள் அச்சிடும் புள்ளி எண்ணிக்கையை அப்படியே சோதனைக்குள் எடுத்துப் போகாதீர்கள்.

ஹாமில்டன் அட்டவணையில் ஒரு கண்ணி

இந்தச் சோதனையின் இன்னொரு வடிவம் படிகவியலிலிருந்து வந்தது. வால்டர் ஹாமில்டன் 1965-இல் ஆர்-காரணிகளின் விகிதத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார். விளிம்புக்கு அப்பாலுள்ள அலைவுகளை அலசும் எக்ஸாஃப்ஸ் பொருத்தத்தில் ஒரு புதிய கூடு (அண்டை அணுக்களின் அடுக்கு) தேவைதானா என்று எஃப் சோதனையால் கேட்கும் முறையை ஜாய்னர், மார்ட்டின், மீஹன் மூவரும் 1987-இல் எழுதினார்கள். ஹாமில்டன் சோதனையை எக்ஸாஃப்ஸுக்கு ஏற்றபடி டவுன்வர்டும் அவர் கூட்டாளிகளும் 2007-இல் விளக்கினார்கள். எல்லாம் ஒரே கணக்கின் வெவ்வேறு உடைகள்.

கண்ணி இதுதான். ஹாமில்டனின் ஆர், வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தது. அதீனா, ஆர்டெமிஸ், லார்ச் போன்ற மென்பொருள்கள் தரும் ஆர்-காரணி வர்க்கமூலம் எடுக்காதது. நம் கணக்கில் அட்டவணையின் எல்லை 1.054. மென்பொருள் தந்த ஆர்-காரணிகளை நேரே வகுத்தால் 1.062, எல்லையைத் தாண்டிவிட்டதுபோல் தோன்றும். மூலம் எடுத்தால் 1.031, தாண்டவில்லை. ஒரு வர்க்கமூலத்தை மறந்ததால் நார்த்தாமலை மண்ணில் ஒரு கனிமம் முளைத்துவிடும். எஃப் வடிவத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை என்பதால் மாணவர்களுக்கு அதையே நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

விகிதத்தை நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிச்சத்தை இரைச்சலோடு ஒப்பிடும் சுருக்கிய கை-வர்க்கம் 1-க்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். உட்கவர் தரவில் அது பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் வருவது வழக்கம். எண்ணிக்கை இரைச்சல் மிகச் சிறியது. நெறிப்படுத்தல், பின்னணி நீக்கம், கோட்பாட்டுக் கணக்கு ஆகியவற்றில் உள்ள பிழைகள் அதைவிடப் பெரியவை, அவை இரைச்சல் மதிப்பீட்டுக்குள் வருவதில்லை. இரண்டு பொருத்தங்களின் விகிதம் எடுக்கும்போது இரைச்சலின் மதிப்பு மேலும் கீழும் அடிபட்டுப்போகிறது.

சோதனைக்குத் தெரியாதவை

எஃப் மதிப்பு எல்லையைத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே எழுத உட்காராமல் வேறுபாட்டுக் கோட்டைப் பாருங்கள். பயோடைட்டின் விளிம்பு ஆக்சைடுகளைவிடச் சில எலக்ட்ரான் வோல்ட் முன்னதாகவே எழும். அப்படியானால் மிச்சம் குறைய வேண்டிய இடம் விளிம்பு ஏறத் தொடங்கும் பகுதி. அங்கே ஒன்றும் மாறாமல் 7150-க்குப் பக்கத்தில் மட்டும் மிச்சம் குறைந்திருந்தால், நெறிப்படுத்தலில் வந்த சரிவை ஈடுகட்டும் வேலையைத்தான் பயோடைட் கோடு பார்த்திருக்கிறது. நெறிப்படுத்தும் எல்லைகளை நகர்த்தி மறுபடி பொருத்துங்கள். பின்னம் நடுங்கினால் விடுங்கள். மூன்று ஸ்கேன்களின் சராசரியைப் பொருத்துவதோடு, ஒவ்வொரு ஸ்கேனையும் தனியாகவும் பொருத்துங்கள். பயோடைட்டின் பின்னம் ஒன்றில் 6 விழுக்காடு, இன்னொன்றில் சுழி என்று வந்தால் பி மதிப்பைப் பார்க்கவே தேவையில்லை.

பல ஸ்டாண்டர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இதைவிடக் கெட்டது. அதீனாவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாக் கூட்டணிகளையும் முயன்று வரிசைப்படுத்தித் தந்துவிடும். 12 ஸ்டாண்டர்டுகளிலிருந்து மூன்று வரை சேர்க்கும் வழிகள் 298. ஹெமடைட், கோத்தைட் இரண்டையும் நிலையாக வைத்து மூன்றாவதாக மீதி 10-ஐயும் முயன்றாலே, எதுவும் உண்மையில் இல்லாதபோதும் ஏதாவது ஒன்று 5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 40 விழுக்காட்டை எட்டும். பத்தையும் முயன்றிருந்தால் எல்லையை 0.05-லிருந்து 0.005-க்கு இறக்குங்கள், எத்தனை முயன்றீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள். அதைவிட மேலானது, குன்றின் பாறையை முதலில் நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் கனிமத்தைத் தேடப்போகிறீர்கள் என்பதை பீம் டைமுக்கு முன்பே நோட்டில் எழுதி வைப்பது. முன்கூட்டி எழுதிய ஒரே கேள்விக்கு 0.05 போதும்.

கூடுகளின் கணக்கு

எக்ஸாஃப்ஸ் பகுதிக்கு வந்தால் தனிப்புள்ளிகளின் பஞ்சம் இன்னும் கடுமை. இங்கே தனிப்புள்ளிகளின் எண்ணிக்கைக்கு வாய்பாடே இருக்கிறது: கே-எல்லையின் (இங்கே கே என்பது அலை எண்) நீளத்தையும் ஆர்-எல்லையின் (ஆர் என்பது தூரம்) நீளத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, பை-ஆல் வகுப்பது. எட்வர்ட் ஸ்டெர்ன் 1993-இல் இதோடு 2 கூட்டலாம் என்று வாதிட்டார். நான் கூட்டுவதில்லை, தரவு முழுவதும் ஒரே சீராகத் தகவல் தருகிறது என்ற அனுமானமே இந்த வாய்பாட்டில் தாராளமாக இருக்கிறது, அதற்குமேல் இரண்டு புள்ளிகளைக் கடன் வாங்க வேண்டாம்.

கே 3-லிருந்து 11 வரை, நீளம் 8. ஆர் 1.0-லிருந்து 3.6 ஆங்ஸ்ட்ராம் வரை, நீளம் 2.6. விடை 13.2, அதாவது 13. இரும்பைச் சுற்றிய ஆக்சிஜன் கூட்டுக்கு எண்ணிக்கை, தூரம், அதிர்வு என்று 3 மாறிகள். விளிம்பு பகிர்ந்த அண்டை இரும்புக்கு 3. ஆற்றல் நகர்வுக்கு 1. ஆக 7. மூலை பகிர்ந்த இரும்பு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறீர்கள். அதற்கும் 3 கொடுத்தால் மாறிகள் 10, மீதி வெறும் 3.

ஆர்-காரணி 0.040-லிருந்து 0.012-க்கு விழுந்தது என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே! கண்ணால் பார்த்தால் யாரும் மயங்கிவிடுவார்கள். எஃப் வெறும் 2.33; எல்லை 9.28. அந்த எல்லையைத் தாண்டவேண்டுமானால் ஆர்-காரணி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்திருக்கவேண்டும். மூன்று மாறிகளுக்கு விலை அவ்வளவு.

அதே கேள்வியைச் சிக்கனமாகக் கேளுங்கள். கோத்தைட் ஸ்டாண்டர்டை அதே பீம் டைமில் அளந்திருக்கிறீர்கள். மூலை பகிர்ந்த இரும்பின் தூரத்தையும் அதிர்வையும் அதிலிருந்து எடுத்துப் பூட்டிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் மாறவிடுங்கள். கூடுதல் மாறி ஒன்றுதான்; மொத்தம் 8, மீதி 5. பொருத்தம் முன்போல் அழகாக வராது, 0.015-இல் நிற்கும். ஆனால் எஃப் 8.33, எல்லை 6.61, பி சுமார் 0.03. பார்வைக்குச் சற்று மோசமான பொருத்தம் சோதனையில் தேறிவிட்டது. மாறிகளைப் பூட்ட இயற்பியல் காரணம் இருக்கவேண்டும், அந்தக் காரணம் பொருத்துவதற்கு முன்பே இருக்கவேண்டும். எஃப் தேறும்வரை எதை எதைப் பூட்டலாம் என்று தேடினால் மேலே சொன்ன 298 கூட்டணிகளின் கதைதான்.

தேறியது எது என்பதிலும் கவனம் வேண்டும். கோத்தைட்டில் மூலை பகிர்ந்த நான்கு இரும்பணுக்கள் 3.46 ஆங்ஸ்ட்ராமில் இருக்கின்றன. ஹெமடைட்டில் மூன்று, 3.37-இல். இடைவெளி 0.09. கே நீளம் 8 உள்ள தரவால் பிரித்துப் பார்க்க முடிந்த மிகச் சிறிய இடைவெளி, பை-யை 16-ஆல் வகுத்தால் வரும் 0.2 ஆங்ஸ்ட்ராம். "மூலை பகிர்ந்த இரும்பு உண்டு" என்பதைச் சோதனை நிறுவிவிட்டது. அது கோத்தைட்டினுடையதா, ஹெமடைட்டினுடையதா, இரண்டும் கலந்ததா என்பதை இந்தத் தரவு சொல்லாது. ஹெமடைட்டின் தூரத்தைப் பூட்டியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவும் தேறினால் இரண்டையும் எழுதுங்கள். கனிமத்தின் பெயரைத் தீர்மானிக்க எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் (எக்ஸ்ஆர்டி) பதிவோ மாஸ்பவர் அளவீடோ துணைக்கு வேண்டும்.

தேறாதபோது எழுதுவது

பி 0.14 வந்த பயோடைட்டுக்குத் திரும்புவோம். "பயோடைட் இல்லை" என்று எழுதுவது, "இருக்கிறது" என்று எழுதுவதற்குச் சமமான பிழை. எவ்வளவு பயோடைட் இருந்திருந்தால் இந்தச் சோதனை கண்டுபிடித்திருக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வழி எளிது. அளந்த ஹெமடைட், கோத்தைட் நிறமாலைகளைப் பொருத்தத்தில் வந்த விகிதத்தில் கலந்து, அதில் பயோடைட் நிறமாலையை 2, 5, 10, 15 விழுக்காடு என்று கணினியிலேயே சேருங்கள். உங்கள் ஸ்கேன்களுக்கிடையே காணும் வேறுபாட்டின் அளவுக்கு இரைச்சலைத் தூவுங்கள். ஒவ்வொன்றையும் பலமுறை பொருத்தி, எந்த விழுக்காட்டிலிருந்து சோதனை பெரும்பாலும் தேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கண்டறியும் எல்லை.

அது 10 விழுக்காடு என்று வந்தால் ஆய்வேட்டில் இப்படி எழுதலாம்: "7102 முதல் 7162 எலக்ட்ரான் வோல்ட் வரை, 40 தனிப்புள்ளிகள் என்ற மதிப்பீட்டில், ஹெமடைட், கோத்தைட் ஆகியவற்றோடு பயோடைட்டைச் சேர்த்ததில் ஆர்-காரணி 0.00120-லிருந்து 0.00113 ஆகக் குறைந்தது (எஃப் 2.29, பி 0.14). பயோடைட்டுக்கு இந்தத் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை. மொத்த இரும்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகப் பயோடைட் இருந்தால் இந்த அளவீடு அதை நம்பகமாகக் காட்டாது. மண் சலிக்கப்படாமல் முழுவதும் அரைக்கப்பட்டது. வேறு ஸ்டாண்டர்டுகள் முயலப்படவில்லை."

வழிகாட்டி இதைப் படித்துவிட்டு "முடிவு ஒன்றும் இல்லையே" என்றால், அடுத்த பீம் டைமுக்கு மனு எழுதுங்கள். ஸ்கேன்களைக் கூட்டுவது இரைச்சலைத்தான் குறைக்கும். நெறிப்படுத்தல் பிழையை அது தொடாது. மண்ணைச் சலித்து மணல் பகுதியைத் தனியாகவும் களிப் பகுதியைத் தனியாகவும் அளப்பது இன்னும் பலன் தரும். பயோடைட் இருந்தால் மணலில்தான் செறிந்திருக்கும். மொத்த மண்ணில் எல்லைக்குக் கீழே நின்றது அங்கே எல்லையைத் தாண்டிவிடலாம். அந்த இரண்டு பகுதிகளின் எடையையும் சலிக்கும் அன்றே நோட்டில் குறித்துவையுங்கள், பிறகு மொத்த மண்ணுக்குத் திருப்பிக் கணக்கிட அவை வேண்டியிருக்கும்.